எக்ஸ்போர்ட் என்றொரு பொத்தான்

1

மிளகாய் வத்தலில் பூச்சிக்கொல்லி எச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் ஓர் ஆய்வகத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் வேலை பார்க்கிறார். பதினெட்டு வருட அனுபவம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் செய்யும் வேலை இது: திரையில் ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுப்பார். மெனுவைத் திறப்பார். எக்ஸ்போர்ட். சிஎஸ்வி. பெயர் தட்டுவார். சேவ். பச்சைப் பட்டை ஓடி முடியும்வரை காத்திருப்பார். அடுத்த மாதிரி. மெனு. எக்ஸ்போர்ட். ஒரு பேட்சுக்கு அறுபது மாதிரிகள். பூக்காரம்மா சரம் தொடுக்கிற மாதிரி, கண் எங்கேயோ இருக்க, கை அதுபாட்டுக்குப் போகும். ஏழு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பதரை ஆகும் எழுந்திருக்க.

“தம்பி, நீ கம்ப்யூட்டர் ஆளுதானே? இத ஒரே அமுக்குல முடிக்க வழி இல்லயா?”

நான் சிரித்தேன். அரை மணி நேர வேலை அக்கா என்றேன். பொறியியல் படித்துவிட்டுப் பன்னிரண்டு வருடமாக மென்பொருள் எழுதுகிறவனின் திமிர் அது. மூன்று வாரம் ஆனது. மூன்று வாரம் கழித்தும் வேலை முடியவில்லை, என் கோபம்தான் ஆரம்பித்தது. அந்தக் கோபத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கருவி எந்தக் கம்பெனியுடையது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இது ஒரு கம்பெனியின் மேல் எழுதிய புகார் கடிதமாகச் சுருங்கிவிடும். என் வழக்கு அதைவிடப் பெரியது. கோடி ரூபாய் கொடுத்து ஒரு கருவி வாங்குகிறோம். மின்சாரம் நம்முடையது, மாதிரி நம்முடையது, உழைப்பு நம்முடையது. அது கண்டுபிடித்துச் சொல்லும் எண்களை மொத்தமாக வெளியே எடுக்க மட்டும் இன்னொருவரின் அனுமதி வேண்டியிருக்கிறது. அந்த ஆய்வகத்தின் அறிக்கை கிடைத்ததும் மிளகாய் கப்பலேறிவிடுகிறது. மிளகாயைப் பற்றிய எண்கள் அதே கணினியில், அதே மென்பொருளுக்குள், ஒவ்வொன்றாகக் கைப்பிடித்து அழைத்துப்போக ஆள் வருமா என்று உட்கார்ந்திருக்கின்றன.

2

பாடப்புத்தகத்தில் இதன் பெயர் நிறைநிறமாலைமானி. ஆய்வகத்தில் எல்லாருக்கும் அது ‘மாஸ் ஸ்பெக்’. மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் ஏற்றி, வெற்றிடத்தில் ஓடவிட்டு, அவற்றின் நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தை வைத்துப் பிரித்து, எந்த விகிதத்தில் எத்தனை வந்து விழுந்தன என்று எண்ணும் இயந்திரம். எவ்வளவு நுணுக்கமாக எண்ணும்? ஐரோப்பிய ஒன்றியம் தனியாக வரம்பு குறிப்பிடாத பூச்சிக்கொல்லிகளுக்கு வைத்திருக்கும் பொது உச்சவரம்பு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். கணக்குப் போட்டால் நூறு டன் மிளகாயில் ஒரே ஒரு கிராம். அந்த ஒரு கிராமைத் தேடிப் பிடிக்கிற இயந்திரம் இது. அதன் முன்னால் நிற்கும்போது எனக்கு இன்னும் கொஞ்சம் பக்தி வரும். அதை மறைக்க விரும்பவில்லை.

1919இல் கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் ஆஸ்டன் இதன் முன்னோடிக் கருவியைக் கட்டினார். நியான் வாயுவில் 20 எடையில் ஒன்றும் 22 எடையில் ஒன்றுமாக இரண்டு வகை அணுக்கள் இருப்பதை உறுதிசெய்தார். 1922இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய கருவி எழுதியது புகைப்படத் தகட்டில். தகட்டில் கோடுகள் இருக்கும். கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தால் எடை கிடைக்கும். அளவுகோலும் உருப்பெருக்கியும் பொறுமையும் இருந்த யாரும் அதைப் படிக்கலாம். தகட்டை விற்ற கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை.

நூறு வருடத்தில் தகடு கோப்பாகிவிட்டது. நல்லதுதான். ஒரு மணி நேர ஓட்டத்தில் பல்லாயிரம் நிறமாலைகளை எந்தத் தகட்டில் பதிப்பது? ஆனால் கோப்பின் மொழியை ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக வைத்துக்கொண்டது. தெர்மோவின் கோப்பு ‘.ரா’ என்று முடியும். வாட்டர்ஸுடையதும் ‘.ரா’ என்றே முடியும், ஆனால் அது கோப்பே இல்லை, கோப்புகள் நிறைந்த ஒரு ஃபோல்டர். அஜிலென்ட் ‘.டி’, ப்ரூக்கரும் ‘.டி’. இரண்டும் ஃபோல்டர்கள்தான், உள்ளே ஒன்றுக்கொன்று ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஷிமாட்ஸு ‘.எல்சிடி’. சையெக்ஸில் ‘.விஃப்’ என்று ஒரு கோப்பும், கூடவே ‘.விஃப்.ஸ்கேன்’ என்று ஒரு கோப்பும் இருக்கும். விவரம் தெரியாமல் முதல் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போனால், வீட்டுக்குப் போய் ஓட்டைப் பாத்திரத்தைத் திறந்த கதைதான். நிறமாலைகள் இரண்டாவதில் இருக்கின்றன.

3

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

அக்காவின் மென்பொருளில் மொத்தமாக எக்ஸ்போர்ட் செய்யும் வசதி இருந்ததாம், வேறொரு லைசென்ஸில். அந்த லைசென்ஸ் அவர்களிடம் இல்லை. கட்டளை வரியிலிருந்து அதை இயக்க வழியில்லை. சரி, மனிதர் செய்வதையே இயந்திரம் செய்யட்டும் என்று பைதானில் ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினேன். மவுஸை இந்த இடத்துக்கு நகர்த்து, க்ளிக் செய், இரண்டு விநாடி பொறு, பெயரைத் தட்டு, என்டர் அடி, அடுத்த வரிசைக்கு இறங்கு. பேய் பிடித்த மாதிரி மவுஸ் தானாகவே ஓடும். ஆய்வகமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அக்கா ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனார். எனக்கு ஃபில்டர் காபியும் பாராட்டும் கிடைத்தன.

இரண்டாவது வாரம், ஓட்டத்தின் நடுவே திரையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. ஏதோ அப்டேட் தயார், இப்போதா பிறகா என்று கேட்கும் பெட்டி. என் ஸ்க்ரிப்டுக்கு அது தெரியாது. அது கண்ணில்லாத ஜந்து. ஒரு க்ளிக் பெட்டியின் மேல் விழுந்தது, பெட்டி மூடிக்கொண்டது. அந்த இடத்திலிருந்து எல்லாம் ஒரு வரிசை தள்ளிப்போனது. ஒரு மாதிரியின் எண்கள் அடுத்த மாதிரியின் பெயரில் சேவ் ஆகத் தொடங்கின. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. அறுபது கோப்புகள், அறுபது பெயர்கள், எல்லாம் பார்க்க ஒழுங்காக இருந்தன.

திங்கள்கிழமை அக்கா கண்டுபிடித்தார். ‘ப்ளாங்க்’ என்று ஒன்று ஓட்டுவார்கள், மிளகாயே போடாத வெறும் கரைசல். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. அந்த ப்ளாங்கில் ப்ரொஃபெனோஃபாஸ் உயரமாக எழுந்து நின்றது. அதற்கு முந்தைய மாதிரி, அவர் கண்ணால் பார்த்து உச்சியைக் குறித்து வைத்திருந்த மாதிரி, சுத்தமாக இருப்பதாகக் கோப்பு சொன்னது. “இது நடக்காது தம்பி. வெள்ளிக்கிழமை நானே பாத்தேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டக்கூட இல்லை. அறிக்கை போகாமல் நின்றது. போயிருந்தால் ஒருவருடைய கெட்ட சரக்கு நல்லதாகவும் இன்னொருவருடைய நல்ல சரக்கு கெட்டதாகவும் ஆகியிருக்கும். யாரோ ஒரு வியாபாரியின் கண்டெய்னர், அதன் பின்னால் யாரோ ஒரு விவசாயியின் ஒரு வருடம்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் எழுதியது ஆட்டோமேஷனே கிடையாது. தாலுகா ஆபீஸில் நம் சொந்த நிலத்தின் பட்டாவை வாங்கப் புரோக்கரைப் பிடிக்கிறோமே, அந்த மாதிரி ஒரு புரோக்கர். புரோக்கர் சாமர்த்தியசாலி, நமக்கு வேலை முடிகிறது, ஆபீஸ் அப்படியே இருக்கிறது. அவர் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறாரோ அவ்வளவுக்கு ஆபீஸைத் திருத்த வேண்டிய அவசியம் குறைகிறது. உலகம் முழுக்க ஆய்வகங்களில் என்னைப் போன்றவர்கள் எழுதிய இந்த மாதிரி ஸ்க்ரிப்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாம் அவற்றைப் பற்றி நண்பர்களிடம் பெருமையடித்துக்கொள்கிறோம்.

4

“சிஎஸ்வியாக வந்துவிட்டால் அப்புறம் பிரச்சினை இல்லையே” என்பவர்களுக்கு இரண்டு கதைகள்.

மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்று சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதி என்று நினைத்துக்கொண்டு மார்ச் 1, செப்டம்பர் 1 என்று மாற்றிவிடும். எக்செலில் மரபணுப் பட்டியலை இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருக்கிறது என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் என்ன ஆனது தெரியுமா? எக்செல் அப்போது மாறவில்லை. 2020இல், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு மரபணுக்களின் பெயரை மாற்றியது. செருப்புக்காகக் காலை வெட்டிய கதை சிரிப்புக்குச் சொல்வது என்று நினைத்திருந்தேன்.

அதே 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போயின. ஆய்வகங்கள் அனுப்பிய தரவைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றினார்கள். அந்த வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாது. மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. அத்தனை பேரோடும் தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடிப்பது நாள் கணக்கில் தாமதமானது.

இரண்டு கதைகளிலும் அளவீடு சரியாகவே இருந்தது. தவறு நடந்தது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிப்போகும் வழியில். அறிவியலின் பெரிய விபத்துகள் வெற்றிடக் குழாய்க்குள் நடப்பதாகக் கற்பனை செய்கிறோம். நிறைய விபத்துகள் ‘சேவ் ஆஸ்’ பெட்டியில் நடக்கின்றன.

5

நியாயமாகப் பேச வேண்டும். இந்தப் பூட்டைத் திறக்க இருபது வருடமாகச் சிலர் முயன்றுகொண்டிருக்கிறார்கள். 2004இல் சியாட்டிலில் ஒரு குழு ‘எம்இசட்எக்ஸ்எம்எல்’ என்ற திறந்த வடிவத்தை வெளியிட்டது. புரத ஆய்வாளர்களின் சர்வதேச அமைப்பு வேறொன்றைக் கொண்டுவந்தது. இரண்டையும் இணைத்து 2008இல் ‘எம்இசட்எம்எல்’ வந்தது. அதே ஆண்டு அறிமுகமான ப்ரோட்டியோவிசார்ட் என்ற இலவச, திறந்தமூலத் தொகுப்பில் ‘எம்எஸ்கன்வர்ட்’ என்றொரு கருவி இருக்கிறது. பல கம்பெனிகளின் கோப்புகளையும் அதற்குக் கொடுத்தால் எம்இசட்எம்எல்லாக மாற்றித் தரும். ஒரு வரிக் கட்டளை, ஒரு ஃபோல்டர் முழுக்க மாறிவிடும். பாப்-அப் பெட்டி எதுவும் குறுக்கே வராது. இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் அதை எழுதியவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது? கம்பெனிகள் கொடுத்த டிஎல்எல்கள். கோப்பைப் படிக்கத் தெரிந்தது அவற்றுக்குத்தான். அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸில் மட்டும் ஓடும். லினக்ஸ் சர்வரில் வேண்டுமென்றால் விண்டோஸ் மாதிரி நடிக்கும் ஒரு மென்பொருளுக்குள் உட்கார வைத்து ஏமாற்ற வேண்டும். மாற்றும்போதும் கவனம் வேண்டும். உச்சிகளைக் கம்பெனியின் சூத்திரப்படியே பிரித்தெடுக்க வேண்டுமானால் அந்த வடிகட்டியைக் கட்டளையில் முதலாவதாகக் கொடுக்க வேண்டும். வரிசை மாறினால் வேறு சூத்திரம் வேலை செய்யும், எண்கள் வேறாக இருக்கும். இதைத் தெரியாமல் வருடக்கணக்கில் வேலை செய்தவர்களை எனக்குத் தெரியும்.

கம்பெனிகளும் எல்லாம் ஒரே ரகம் கிடையாது. ப்ரூக்கரின் டிம்ஸ்டாஃப் கருவிகள் விவரங்களை எஸ்க்யூலைட் என்ற எல்லாருக்கும் தெரிந்த தரவுத்தள வடிவத்தில் வைக்கின்றன. தெர்மோ தன் கோப்பைப் படிக்கும் நூலகத்தை லினக்ஸிலும் ஓடும்படி கொடுத்தது, அதன் மேல் மற்றவர்கள் இலவச மாற்றிகளைக் கட்டினார்கள். கதவைத் திறந்தால் கம்பெனி அழிந்துவிடாது என்பதற்கு இவைதான் சாட்சி.

6

எம்எஸ்கன்வர்ட் கிடைத்ததும் வெற்றி என்று நினைத்தேன். அக்காவிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, “நான் போட்ட கோடு எங்க தம்பி?” என்றார்.

விளக்குகிறேன். கருவி தருவது ஒரு வளைவு. ஒரு பூச்சிக்கொல்லி வெளியே வரும் நேரத்தில் வளைவு மலைபோல் எழுந்து இறங்கும். அந்த மலையின் பரப்பளவுதான் அளவைச் சொல்லும். மலை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? மென்பொருள் ஓர் ஊகத்தைச் சொல்லும். மிளகாய் பொல்லாத சரக்கு. நிறமும் எண்ணெயும் காரமும் சேர்ந்து அடிக்கோட்டைக் கலங்கடிக்கும், பக்கத்தில் பொய் மலைகள் முளைக்கும். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்து, இது மலை, இது மண்மேடு என்று முடிவு செய்து, கோட்டைக் கையால் இழுத்து வைப்பார். இருநூறு பூச்சிக்கொல்லிகள், அறுபது மாதிரிகள், பன்னிரண்டாயிரம் வளைவுகள். பெரும்பாலானவற்றில் ஒன்றும் இருக்காது. சந்தேகத்துக்குரிய சில நூறில்தான் அவருடைய பதினெட்டு வருடம் இருக்கிறது.

எம்எஸ்கன்வர்ட் கொண்டுவந்தது கச்சா வளைவுகளை. அக்கா இழுத்த கோடுகள், ‘இது மேட்ரிக்ஸ், நம்பாதே’ என்று அவர் எழுதிய குறிப்புகள், எதை ஏன் நிராகரித்தார் என்பது, இதெல்லாம் கம்பெனி மென்பொருளின் இன்னொரு வகைக் கோப்பில் இருக்கின்றன. அந்தக் கோப்புக்கு எம்எஸ்கன்வர்ட் கிடையாது. வெளியே எடுக்க ஒரே வழி, மறுபடியும் அந்தப் பொத்தான். அதிலும் இறுதிப் பரப்பளவு வரும், கோடு எங்கே தொடங்கியது என்பது வராது.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் உங்கள் மனதில் நிற்க வேண்டுமானால் இது நிற்கட்டும். இயந்திரம் பார்த்ததையாவது எப்படியோ வெளியே எடுத்துவிடலாம். மனிதர் யோசித்ததுதான் உள்ளே மாட்டிக்கொள்கிறது. நாளைக்கு அக்கா ஓய்வு பெற்றுப் போனால் அவருடைய இடத்துக்கு வரும் பெண் அந்தச் சில நூறு முடிவுகளிலிருந்து கற்றுக்கொள்ள முடியாது. அவற்றை வைத்து ஒரு கணினிக்குக் கற்றுக்கொடுக்கவும் முடியாது. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தை மாற்றப்போகிறது என்று மேடைதோறும் பேசுகிறோம். அதற்குத் தீனியாக வேண்டிய அறிவு, மாதச் சம்பளத்தில் உட்கார்ந்து ஒரு அக்கா சேர்த்து வைத்த அறிவு, லைசென்ஸ் முடிந்தால் திறக்காத கோப்பில் இருக்கிறது.

7

கம்பெனிக்காரர்களின் பதில்கள் எனக்கு மனப்பாடம்.

முதல் பதில், வேகம். திறந்த வடிவங்கள் பெரிதாக இருக்கும், கருவி பாய்ச்சும் வேகத்தில் எழுத முடியாது என்பார்கள். உண்மை. எம்இசட்எம்எல் கோப்பு பெரும்பாலும் மூலக் கோப்பைவிடப் பருமனாகவே இருக்கும். சரி, எழுதும்போது உங்கள் வடிவத்திலேயே எழுதுங்கள். யார் தடுத்தது? வடிவத்தின் இலக்கணத்தை அச்சிட்டுக் கொடுங்கள், போதும்.

இரண்டாவது பதில், சட்டம். மருந்து ஆய்வகங்களில் இதைத்தான் முதலில் சொல்வார்கள்: அமெரிக்காவின் 21 சிஎஃப்ஆர் பகுதி 11 இருக்கிறது, தரவில் யாரும் கை வைக்கக் கூடாது, அதனால்தான் பூட்டு. 1997இல் வந்த அந்த விதிகளை நான் உட்கார்ந்து படித்தேன். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடம் கணினியிலேயே பதிவாக வேண்டும் என்கிறது. அதே விதிகள், பதிவுகளின் துல்லியமான, முழுமையான நகலை மனிதர் படிக்கும் வடிவிலும் மின்னணு வடிவிலும் எடுத்துத் தர முடிய வேண்டும் என்றும் கேட்கின்றன. பூட்டு போடு என்று ஒரு வரியும் இல்லை. உணவு ஆய்வகங்கள் பின்பற்றும் ஐஎஸ்ஓ 17025 இன்னும் நேராகவே சொல்கிறது, கணக்கீடுகளும் தரவுப் பரிமாற்றங்களும் முறையாகச் சரிபார்க்கப்பட வேண்டும் என்று. ராத்திரி ஒன்பது மணிக்கு அறுபது முறை ‘சேவ் ஆஸ்’ அடிக்கும் ஒரு பெண்ணை எந்த முறையில் சரிபார்ப்பீர்கள்? தரவின் நேர்மைக்கு ஆபத்து கைவேலையில்தான் இருக்கிறது. ஸ்க்ரிப்ட் எழுதினால் அதைப் படிக்கலாம், சோதிக்கலாம், நேற்று ஓடியதும் இன்று ஓடியதும் ஒன்றா என்று ஒப்பிடலாம். என் கண்ணில்லாத ஸ்க்ரிப்டைச் சொல்லவில்லை. முறையான கதவு வழியாகப் போகும் ஸ்க்ரிப்டைச் சொல்கிறேன்.

மூன்றாவது பதில், தொழில் ரகசியம். கம்பெனிகளின் அறிவியலை நான் மதிக்கிறேன். 2002இல் வேதியியல் நோபலில் பங்கு பெற்ற கொய்ச்சி தனாகா ஷிமாட்ஸு நிறுவனத்தின் ஊழியர். படித்தது மின்பொறியியல் இளநிலை. பெரிய புரத மூலக்கூறு உடையாமல் அதை அயனியாக்கும் வழி, தவறுதலாகக் கலந்த ஒரு கலவையிலிருந்து அவருக்குக் கிடைத்தது. அந்த மாதிரிக் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்குங்கள், காசு பண்ணுங்கள், சந்தோஷம். ஆனால் என் மிளகாயில் எவ்வளவு விஷம் என்பது உங்கள் ரகசியம் ஆகாது. பேனா செய்தவர் பேனாவுக்கு உரிமை கேட்கலாம். எழுதின கடிதத்துக்குக் கேட்கக் கூடாது.

சட்டமும் பெரும்பாலும் நம் பக்கம்தான் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மென்பொருள் ஆணை, வேறு மென்பொருளோடு இணைந்து இயங்கத் தேவையான தகவல் வேறு வழியில் கிடைக்காதபோது, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு நிரலைப் பிரித்துப் பார்க்க அனுமதிக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவிலும் இதே கருத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. முறைப்படி வாங்கிய ஒருவர், இணைந்தியங்கத் தேவையான தகவல் எளிதில் கிடைக்கவில்லை என்றால், அதைப் பெறச் செய்யும் செயல் பதிப்புரிமை மீறல் ஆகாது. உரிமை புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் வாரன்டி ரத்தாகிவிடும் என்று ஒரு சர்வீஸ் இன்ஜினியர் லேசாகச் சொன்னால் போதும், ஆய்வக மேலாளர் பின்வாங்கிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கருவி ஒரு வாரம் நின்றால் அவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

8

வேறு துறைகள் இதைத் தாண்டிவிட்டன. வானியலாளர்களுக்கு 1981இலிருந்தே ‘ஃபிட்ஸ்’ என்ற பொது வடிவம் இருக்கிறது. எந்தத் தொலைநோக்கியின் படத்தையும் யாரும் திறக்கலாம்.

அதைவிட நமக்கு நெருக்கமான உதாரணம் ஆஸ்பத்திரி. உங்கள் அப்பாவுக்கு எடுத்த சிடி ஸ்கேனை ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊர் டாக்டரிடம் காட்ட முடிகிறதே, எப்படி? 1980களின் தொடக்கத்தில் ஸ்கேன் கருவிகளும் இன்றைய மாஸ் ஸ்பெக் போலத்தான் இருந்தன, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வடிவம். 1983இல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் கல்லூரியும் கருவி உற்பத்தியாளர்களின் சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. 1985இல் முதல் தரவரையறை வந்தது. 1993இல் அது ‘டைகாம்’ என்ற பெயர் பெற்றது. கருவியைப் பயன்படுத்தும் மருத்துவர்கள் கூட்டாகப் போய் உட்கார்ந்தார்கள், விற்கிறவர்கள் எதிரே உட்கார வேண்டியிருந்தது. ஸ்கேன் கருவி செய்கிற கம்பெனிகள் யாரும் திவாலாகவில்லை.

நம்மிடம் மேசை இருக்கிறது. அதன் பெயர் டெண்டர். இந்தியாவில் பல்கலைக்கழகங்களும் அரசு ஆய்வகங்களும் இந்தக் கருவிகளைப் பொதுப்பணத்தில் வாங்குகின்றன. அந்த மாதிரி டெண்டர் ஆவணங்கள் சிலவற்றைப் படித்துப் பார்த்தேன். பிரிதிறன், உணர்திறன், நிறை வரம்பு, நைட்ரஜன் ஜெனரேட்டர், யுபிஎஸ், ஐந்து வருடப் பராமரிப்பு, எல்லாம் பக்கம் பக்கமாக. எண்கள் எப்படி வெளியே வரும் என்று நான் பார்த்தவற்றில் ஒரு வரி இல்லை. வீடு வாங்குகிறவர் டைல்ஸின் பளபளப்பை எல்லாம் பார்த்துவிட்டு வாசற்கதவு இருக்கிறதா என்று கேட்க மறந்த கதை.

நான் கேட்பது மூன்று வரிகள். ஒன்று, கச்சாத் தரவு முழுவதையும் ஒரு திறந்த வடிவில், கூடுதல் லைசென்ஸ் இல்லாமல், மனிதர் க்ளிக் செய்யாமல் எடுக்க முடிய வேண்டும். இரண்டு, ஆய்வாளர் செய்த ஒவ்வொரு திருத்தமும், அவர் இழுத்த கோடு உட்பட, அதே போல வெளியே வர வேண்டும். மூன்று, கருவியின் ஆயுள் முடிந்த பிறகும், பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த பிறகும் இது வேலை செய்ய வேண்டும். இந்த மூன்று வரிகளுக்குக் கம்பெனிக்காரர் ‘இணங்குகிறோம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். போட மறுத்தால் அதையாவது காகிதத்தில் எழுதிக் கொடுக்கட்டும்.

9

இலக்கியம் படிக்க வந்த இடத்தில் இதையெல்லாம் ஏன் சொல்கிறான் என்று நினைக்கலாம். இணையத் தமிழ் வாசகருக்கு இந்தக் கதை புதிது இல்லை. யூனிகோடு பரவுவதற்கு முன்னால் ஒவ்வொரு பத்திரிகையின் இணையதளமும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் திரை முழுக்க ஏதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். பாமினியில் தட்டச்சு செய்த ஒரு தலைமுறையின் கதைகள் இன்னும் எத்தனையோ பேரின் பழைய சிடிக்களில் அப்படித்தான் கிடக்கின்றன. கோப்பு இருக்கும், எழுத்து இருக்காது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் சங்க இலக்கியத்தை ஒருமுறை தட்டச்சு செய்ததோடு முடியவில்லை, பழைய குறியாக்கத்தில் இருந்ததை யூனிகோடுக்கு மறுபடியும் மாற்ற வேண்டியிருந்தது. ஓலையைக் கரையானிடமிருந்து காப்பாற்றியவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். இது அதே வேலை, கரையான் மட்டும் புதுசு.

அக்காவின் ஆய்வகம் புதிய கருவி வாங்கப்போகிறது. சென்ற மாதம் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து ஒன்றரை மணி நேரம் ஸ்லைடு காட்டினார். அழகான கருவி, சந்தேகமில்லை. முடித்துவிட்டு ஏதாவது கேள்வி உண்டா என்றார். எல்லாரும் விலையைக் கேட்டார்கள். அக்கா ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தார். மேலே உள்ள மூன்று வரிகள்தான், அவருடைய கையெழுத்தில்.

அவர் கேட்டு முடித்ததும் அந்தப் பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். பொய் சொல்கிற முகம் இல்லை அது. “மேடம், எக்ஸ்போர்ட் இருக்கு. ஆனா நீங்க கேக்குற மாதிரி... இதுவரைக்கும் எந்தக் கஸ்டமரும் இதக் கேட்டதில்ல மேடம்” என்றான்.

“சரிப்பா, இப்ப ஒருத்தி கேட்டிருக்கேன்னு உங்க ஆபீஸ்ல போயி சொல்லு” என்றார் அக்கா.